அத்தியாயம் 7: பேட்டர்ன் கண்டறியும் கருவிகளை ஒப்பிடுவது

ஒரே ஜாவா நிரலை இரண்டு கருவிகளிடம் கொடுக்கிறீர்கள். ஒன்று, இதில் இரண்டு டிசைன் பேட்டர்ன் இருக்கிறது என்கிறது. மற்றது முப்பத்தொன்று என்கிறது. இரண்டும் கண்டுபிடித்தது ஒன்றேதான், இரண்டும் செய்த தவறும் ஒன்றேதான். இது எப்படி நடக்கும் என்பது புரிந்துவிட்டால் இந்த அத்தியாயத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்த நிரலில் ஒரு விசிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது எலிமென்ட் கிளாஸ்களை அது பார்வையிடுகிறது. முதல் கருவி இந்த மொத்தத்தையும் ஒரே விசிட்டர் என்று எண்ணுகிறது. இரண்டாவது, எலிமென்ட் கிளாஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி எழுதி முப்பது விசிட்டர் என்கிறது. இரண்டும் கூடவே ஒரு சாதாரண கிளாஸைத் தவறாக சிங்கிள்டன் என்று சொல்லிவிடுகின்றன. சொன்னவற்றில் சரியானவை எத்தனை என்று கணக்குப் போட்டால் முதல் கருவிக்கு இரண்டில் ஒன்று, அதாவது 50%. இரண்டாவதற்கு 31இல் 30, கிட்டத்தட்ட 97%. இந்த இரண்டு சதவீதத்தையும் அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் யாரும் இரண்டாவது கருவியைத்தான் எடுப்பார்கள். எடுப்பதற்கு ஒரு காரணமும் கிடையாது.

இது என் கற்பனைக் கணக்கு. ஆனால் இதே சிக்கல் இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகள் முழுக்க இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த பெட்டர்சன், லோவே, நிவ்ரே மூவரும் 2010இல் எழுதிய கட்டுரை பேசும் சிக்கல்களில் இதுவும் ஒன்று: எதை ஒரு பேட்டர்ன் நிகழ்வு என்று எண்ணுவது என்பதை முதலில் முடிவு செய்யாமல் துல்லியத்தைப் பேசுவதில் பயனில்லை. ஆகவே கருவியை இறக்கி நிறுவுவதற்கு முன்னாலேயே உங்கள் எண்ணும் விதியை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். என் பரிந்துரை, பேட்டர்னின் மேல்நிலைப் பாத்திரங்களை வைத்து எண்ணுவது. காம்போசிட் என்றால் காம்பொனன்ட்டும் காம்போசிட்டும் சேர்ந்த ஒரு ஜோடி ஒரு நிகழ்வு. கீழே இலை கிளாஸ் எத்தனை இருந்தாலும் எண்ணிக்கை மாறாது. அப்சர்வர் என்றால் சப்ஜெக்ட் ஒன்று, அப்சர்வர் இன்டர்ஃபேஸ் ஒன்று, நிகழ்வும் ஒன்று. வேறு விதி வைத்தாலும் சரிதான், ஆனால் எல்லாக் கருவிகளின் வெளியீட்டையும் அந்த ஒரே விதிக்கு மாற்றி எழுதிய பிறகே ஒப்பிட வேண்டும்.

மூன்று கருவிகள், மூன்று பார்வைகள்

காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடிஸ் நால்வரின் டிசைன் பேட்டர்ன் புத்தகம் 1994இல் வந்தது. அதில் 23 பேட்டர்ன்கள். இரண்டே வருடத்தில், 1996இல், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் கிரேமரும் பிரெஷெல்ட்டும் பேட் என்ற கருவியை வெளியிட்டார்கள். சி++ ஹெடர் கோப்புகளைப் படித்து, அவற்றை ப்ரோலாக் உண்மைகளாக மாற்றி, பேட்டர்ன்களை ப்ரோலாக் விதிகளாக எழுதித் தேடுவது அதன் முறை. சில வரம்புகளுக்கு உட்பட்டு இருப்பதையெல்லாம் பிடித்துவிடும், ஆனால் சொன்னவற்றில் சுமார் 40% மட்டுமே சரி என்று அவர்களே எழுதினார்கள். மிச்சத்தைக் கையால் தள்ளிவிடுவது எளிது, அதனால் கருவி பயனுள்ளதே என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் இன்றும் நிற்கிறது. கையால் தள்ளுவது எவ்வளவு எளிது என்பது ஒரு கருவியை மதிப்பிடும்போது சதவீதத்துக்கு இணையான முக்கியத்துவம் உடையது.

அதற்குப் பின் வந்த நிறையக் கருவிகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் மூன்று வேறு வழியில் யோசிக்கின்றன. மற்ற பலவற்றை இவற்றின் உறவுக்காரர்களாகப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, கிரேக்க நாட்டின் தெசலோனிக்கியில் மாசிடோனியா பல்கலைக்கழகத்தின் ட்சாண்டாலிஸும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஒற்றுமை மதிப்பெண் கருவி. நிரலில் உள்ள கிளாஸ்களுக்கு இடையிலான ஒவ்வொரு வகை உறவையும் இது ஒரு மேட்ரிக்ஸாக எழுதுகிறது: யார் யாரிடமிருந்து இன்ஹெரிட் செய்கிறார்கள், யார் யாரை ஃபீல்டாக வைத்திருக்கிறார்கள், எது அப்ஸ்ட்ராக்ட், யார் யாருடைய ஆப்ஜெக்ட்டை உருவாக்குகிறார்கள். பேட்டர்னையும் அதே மாதிரி மேட்ரிக்ஸ்களாக எழுதி, இந்தக் கிளாஸ் இந்தப் பாத்திரத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடுகிறது. நடுவில் ஓர் இன்ஹெரிடன்ஸ் படி கூடுதலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும் என்பது இதன் பெரிய பலம். உண்மையான நிரலில் புத்தகத்துப் படம் அப்படியே வருவதில்லை. பலவீனம், உறவுகளின் உருவம் ஒன்றாக இருந்தால் இதற்கு வேறுபாடு தெரியாது. அதனால்தான் ஸ்டேட்டையும் ஸ்ட்ராட்டஜியையும் ஒரே குழுவாகவும், அடாப்டரையும் கமாண்டையும் ஒரே குழுவாகவும் காட்டியது. இதை நான் நேர்மை என்றே கருதுகிறேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி பிரித்துக் காட்டும் கருவி உங்கள் நேரத்தைத் தின்னும்.

இரண்டாவது, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நிஜா ஷியும் ரான் ஆல்சனும் உருவாக்கிய பினாட். இதுவும் 2006தான். ஜைக்ஸ் என்ற ஜாவா கம்பைலரின் உள்ளேயே இதைக் கட்டினார்கள், ஆகவே மெத்தடின் உடலுக்குள் நுழைந்து பார்க்க முடிகிறது. ஸ்டேட்டா ஸ்ட்ராட்டஜியா என்று பிரிக்க இது முயல்கிறது: உள்ளே வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்டை மாற்றுவது யார்? வெளியிலிருந்து பயன்படுத்துபவர் கொடுத்து மாற்றினால் ஸ்ட்ராட்டஜி, வேலையின் போக்கில் உள்ளிருந்தே மாறினால் ஸ்டேட். இவர்கள் 23 பேட்டர்ன்களையும் கண்டறிவோரின் கண்ணோட்டத்தில் மறுபடி வகைப்படுத்தினார்கள். இட்டரேட்டர் போன்றவை மொழியே தந்துவிடுபவை. பில்டர், மெமென்டோ போன்றவை நிரலில் உறுதியான அடையாளம் விட்டுச் செல்லாத பொதுக் கருத்துகள். கருவியே இல்லாமல் இந்த வகைப்பாட்டை மட்டும் படித்தாலே, எந்தக் கருவியிடம் எதைக் கேட்கக் கூடாது என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, கெயெனெக் தலைமையில் வளர்ந்த டிடெஜ் குடும்பம். இது தேடலை ஒரு நிபந்தனைக் கணக்காக எழுதுகிறது: பாத்திரங்கள் மாறிகள், கிளாஸ்கள் அவற்றின் சாத்தியமான மதிப்புகள், உறவுகள் நிபந்தனைகள். அப்படியே பொருந்தும் விடை கிடைக்காவிட்டால் எந்த நிபந்தனை தடுத்தது என்று சொல்லி, அதைத் தளர்த்தி மீண்டும் தேடுகிறது. அன்டோனியோலுடன் சேர்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில், ஐந்து திறமூல அமைப்புகளில் இருப்பதில் ஒன்றையும் விடவில்லை, ஆனால் 12 பேட்டர்ன்களுக்குச் சராசரியாக 34% மட்டுமே சரி என்று எழுதினார்கள். ஒன்றும் விடக்கூடாது என்று முடிவெடுத்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை இந்த எண் காட்டுகிறது.

ஜேயூனிட் 3.7ஐக் கையால் படியுங்கள்

கருவியை ஓட்டும் முன், விடை தெரிந்த ஒரு சிறிய நிரல் வேண்டும். ஆய்வாளர்கள் அடிக்கடி எடுப்பது ஜேஹாட்ட்ரா 5.1, ஜேயூனிட் 3.7 இரண்டையும். டிடெஜ் குழுவின் பி-மார்ட் தொகுப்பில் இவை உட்பட ஒன்பது அமைப்புகளின் பேட்டர்ன்கள் கையால் குறிக்கப்பட்டிருக்கின்றன. பயிற்சிக்கு ஜேயூனிட் 3.7 அருமையானது, ஒரு மாலையில் முக்கியப் பகுதியைப் படித்துவிடலாம்.

டெஸ்ட் என்ற இன்டர்ஃபேஸைப் பாருங்கள். டெஸ்ட்கேஸும் டெஸ்ட்சூட்டும் அதைச் செயல்படுத்துகின்றன. டெஸ்ட்சூட் தன்னுள் பல டெஸ்ட்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஓட்டுகிறது. இதைப் படிக்கும் மனிதர் யாரும் காம்போசிட் என்று சொல்லிவிடுவார். கருவியின் இடத்தில் நின்று பாருங்கள். டெஸ்ட்சூட்டின் ஃபீல்ட் வெறும் வெக்டர். அந்தக் காலத்து ஜாவாவில் ஜெனரிக்ஸ் கிடையாது, ஆகவே வெக்டருக்குள் இருப்பது டெஸ்ட் என்று ஃபீல்டின் அறிவிப்பில் எங்கும் எழுதியிருக்காது. ஆட்டெஸ்ட் மெத்தட் வாங்கும் பாராமீட்டரின் வகையிலும், வெளியே எடுக்கும்போது செய்யும் காஸ்டிலும்தான் அது தெரியும். ஃபீல்டின் வகையை மட்டும் பார்க்கும் கருவி, பாடப்புத்தகத்தில் போடத் தகுந்த இந்தக் காம்போசிட்டைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும்.

அடுத்து டெஸ்ட்டெக்கரேட்டர். பெயரிலேயே விடை இருக்கிறது. டெஸ்ட் வகையில் ஒரு ஃபீல்ட், தானும் ஒரு டெஸ்ட். டெக்கரேட்டரைக் கண்டறியும் விதி வழக்கமாக என்ன? ஒரு மெத்தட், உள்ளே வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்டின் அதே பெயருள்ள மெத்தடை அழைக்க வேண்டும். இங்கே ரன் மெத்தட் நேராக உள்ளிருக்கும் ரன்னை அழைப்பதில்லை. அது பேசிக்ரன்னை அழைக்கிறது, பேசிக்ரன்தான் உள்ளே இருக்கும் டெஸ்ட்டின் ரன்னை அழைக்கிறது. ஒரு படி சுற்றி வருகிறது. அதன் கீழே உள்ள டெஸ்ட்செட்டப்பில் இன்னும் ஒரு படி: பேசிக்ரன்னை அழைக்கும் வரி, பெயரில்லாத ஓர் உள்கிளாஸின் மெத்தடுக்குள் இருக்கிறது. கம்பைல் செய்தபின் அது தனியொரு கிளாஸ் கோப்பாகிவிடும். அழைப்புகளைத் தொடர்ந்து போகாத கருவி இங்கே தடுமாறலாம். உங்கள் கருவி இந்த இரண்டையும் எப்படிக் கையாளுகிறது என்று பார்த்தாலே அதன் உள்வேலை பாதி தெரிந்துவிடும்.

இந்தப் பயிற்சியோடு நின்றுவிடக் கூடாது. ஜேஹாட்ட்ராவை எழுதியதில் எரிக் காமாவுக்குப் பங்கு உண்டு. ஜேயூனிட்டைக் கென்ட் பெக்குடன் சேர்ந்து எழுதியதும் அவர்தான். பேட்டர்ன் புத்தகத்தின் ஆசிரியர்களில் ஒருவரே எழுதிய நிரலில் பேட்டர்ன் செழித்துத்தான் இருக்கும். அதில் நல்ல மதிப்பெண் வாங்கிய கருவி, பத்துப் பேர் கைமாறி அவசரத்துக்கு ஒட்டுப்போட்ட உங்கள் பில்லிங் மாட்யூலில் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த மதிப்பெண் சாட்சியில்லை. ஆகவே இரண்டாவது சோதனை உங்கள் நிரலிலேயே நடக்க வேண்டும்.

ஒரே உருவம், நான்கு பெயர்கள்

கருவிகள் அதிகம் சண்டை போடும் இடம் இது. தன் மேல்வகையைச் சேர்ந்த ஆப்ஜெக்ட்டைத் தானே ஃபீல்டாக வைத்திருக்கும் கிளாஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது டெக்கரேட்டராக இருக்கலாம். ப்ராக்ஸியாக இருக்கலாம். உள்ளே வைத்திருப்பது ஒன்றல்ல, பல என்றால் காம்போசிட். வேலையைச் சில நேரம் தானே முடித்து, சில நேரம் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டால் செயின் ஆஃப் ரெஸ்பான்சிபிலிட்டி. கிளாஸ் படத்தில் நான்குக்கும் ஏறக்குறைய ஒரே உருவம்தான்.

ஜாவாவின் சொந்த நூலகத்தில் கலெக்ஷன்ஸ் கிளாஸ் தரும் அன்மாடிஃபையபிள்லிஸ்ட் இதற்கு நல்ல சோதனை. அது உள்ளே ஒரு லிஸ்ட்டை வைத்துக்கொண்டு, படிக்கும் மெத்தடுகளை அப்படியே கடத்துகிறது, மாற்றும் மெத்தடுகளை மறுக்கிறது. நடத்தையை மாற்றும் உறை என்று பார்த்தால் டெக்கரேட்டர். அணுகலைக் கட்டுப்படுத்தும் காவல் என்று பார்த்தால் ப்ராக்ஸி. அனுபவமுள்ள இரண்டு பேர் இதில் இரண்டு பக்கம் நிற்பதில் தவறில்லை. நோக்கம் மனித மனத்தில் இருக்கிறது, பைட்கோடில் இல்லை. ஒரு கருவி டெக்கரேட்டர் என்றும் இன்னொன்று ப்ராக்ஸி என்றும் சொன்னால் அதைத் தவறு என்ற கட்டத்தில் போடாதீர்கள். மூன்றாவது ஒரு கட்டம் வையுங்கள்: விவாதத்துக்குரியது. பல மதிப்பீடுகளில் இந்தக் கட்டம் இல்லாததுதான் பெரிய குறை என்பது என் கருத்து.

சிங்கிள்டனுக்கும் நூலகத்திலிருந்தே ஒரு சிறு சோதனைப் பெட்டி தயாரிக்கலாம். ரன்டைம் கிளாஸ் உண்மையான சிங்கிள்டன்: ப்ரைவேட் கன்ஸ்ட்ரக்டர், தன் வகையில் ஒரு ஸ்டாட்டிக் ஃபீல்ட், அதைத் தரும் கெட்ரன்டைம். கலர் கிளாஸில் சிவப்பு, நீலம் என்று தன் வகையிலேயே ஸ்டாட்டிக் ஃபீல்டுகள் உண்டு, ஆனால் கன்ஸ்ட்ரக்டர் பப்ளிக். இது சிங்கிள்டன் இல்லை. காலண்டரின் கெட்இன்ஸ்டன்ஸ் ஒவ்வொரு முறையும் புதிய ஆப்ஜெக்ட் தருகிறது. பெயரை நம்பும் கருவி இதில் விழும். நான்காவதாக, ஒரே மதிப்புள்ள ஈனம் (enum) ஒன்றை நீங்களே எழுதிச் சேருங்கள். ஜாவா 5க்குப் பின் சிங்கிள்டனை இப்படி எழுதுவது வழக்கமாகிவிட்டது, 2006ஐ ஒட்டி உருவான விதிகளில் பலவற்றுக்கு இது புதிது. இந்த நான்கையும் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் கருவியின் சிங்கிள்டன் வரையறை என்ன என்று எழுதிவிடலாம், கையேட்டைத் திறக்கவே வேண்டாம்.

பழைய கருவி, புதிய ஜாவா

நடைமுறையில் முதல் தடையே கருவி ஓடுவதுதான். பைட்கோடைப் படிக்கும் கருவிக்கு நிரல் கம்பைல் ஆகியிருக்க வேண்டும். மூலநிரலைப் படிக்கும் கருவிக்கு உங்கள் ஜாவா பதிப்பின் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். ஜைக்ஸ் மீது கட்டப்பட்ட பினாட், ஜெனரிக்ஸ் உள்ள நிரலைப் பார்த்தால் நின்றுவிடும். எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு: ஜாவா 1.4இல் அசர்ட், ஜாவா 5இல் ஈனம் இரண்டும் ஒதுக்கப்பட்ட சொற்களாயின. அவற்றை மாறிப் பெயராக வைத்திருக்கும் பழைய நிரல் புதிய கம்பைலரில் ஏறாது. இதற்காகவே ஜேடிகே 8 ஒன்றைத் தனியாக வைத்திருங்கள்; அதன் கம்பைலர் 1.3 காலத்து மூலநிரலையும் ஏற்கும், 9இலேயே அந்த வசதி போய்விட்டது.

லாம்டா வந்தபின் ஸ்ட்ராட்டஜி, கமாண்ட் போன்றவை பல இடங்களில் கிளாஸாகவே எழுதப்படுவதில்லை. ஸ்ப்ரிங் போன்ற கட்டமைப்பில் ஓர் ஆப்ஜெக்ட் ஒன்றே ஒன்றாக இருப்பதைக் கன்டெய்னர் பார்த்துக்கொள்கிறது, கிளாஸில் அதற்குத் தடயமே இருக்காது. ஓடும்போது உருவாகும் டைனமிக் ப்ராக்ஸியும் அப்படித்தான். நிரலை ஓட்டாமல் படிக்கும் கருவிகள் இவற்றைப் பிடிக்கவில்லை என்று குறை சொல்ல வேண்டாம், ஆனால் அறிக்கையில் இந்த வரம்பை ஒரு வரி எழுதுங்கள்.

பெரிய மொழி மாதிரிகளிடம் கேட்டால்

இப்போது பலரும் கிளாஸை அப்படியே ஒட்டி, இது என்ன பேட்டர்ன் என்று கேட்கிறார்கள். நல்ல விளக்கம் வருகிறது. அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: பெயர்களை அழித்துவிட்டு மறுபடி கேளுங்கள். டெஸ்ட்டெக்கரேட்டரை கே17 என்றும், பேசிக்ரன்னை எம்3 என்றும் மாற்றி, கமெண்ட்டுகளை நீக்கிக் கொடுங்கள். உறவுகளை மட்டும் பார்க்கும் கருவிகளின் விடை இதனால் துளியும் மாறாது. மாதிரியின் விடை மாறினால் அது பெயரைப் படித்துப் பதில் சொல்லியிருக்கிறது. பெயர் நல்ல தடயம்தான், ஆனால் பெயர் பொய் சொல்லும் பழைய நிரலுக்குத்தான் உங்களுக்கு உதவியே தேவைப்படுகிறது. இந்தச் சோதனைக்கு ஜேயூனிட் மட்டும் போதாது. அதைப் பற்றி இணையத்தில் அவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது, பெயரை அழித்தாலும் அடையாளம் தெரிந்துவிடக்கூடும். உங்கள் சொந்த மாட்யூல் வேண்டும். அலுவலக நிரலை வெளிச்சேவைக்கு அனுப்ப எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

ஒப்பீட்டை நடத்தும் முறை

நாற்பது ஐம்பது கிளாஸ் உள்ள, குழுவில் யாராவது ஒருவர் நன்கு அறிந்த மாட்யூலைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேர், ஒருவர் மற்றவருடையதைப் பார்க்காமல், பேட்டர்ன்களைக் குறிக்கட்டும். பிறகு உட்கார்ந்து பேசி ஒரே பட்டியலாக்குங்கள். ஒத்துப்போகாதவை விவாதத்துக்குரியது கட்டத்துக்குப் போகும். இதெல்லாம் கருவியை ஓட்டுவதற்கு முன்பே முடிய வேண்டும். கருவியின் விடையைப் பார்த்துவிட்டால் மனம் அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

பிறகு கருவிகளை ஓட்டி, அவை சொன்ன எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் சேருங்கள். உங்கள் பட்டியலில் இல்லாத, ஆனால் கருவி சொன்னபின் சரி என்று தெரியவருபவை நிச்சயம் சில இருக்கும். அவற்றையும் பட்டியலில் ஏற்றிய பிறகே சதவீதம் போடுங்கள். இரண்டு எண்கள் வேண்டும். சொன்னதில் எவ்வளவு சரி என்பது பிரிசிஷன். இருப்பதில் எவ்வளவைச் சொன்னது என்பது ரீகால். கருவி 20 சொல்லி அதில் 12 சரி, மொத்தம் இருப்பது 15 என்றால், பிரிசிஷன் 60%, ரீகால் 80%. பேட்டர்ன் வாரியாகப் போடுங்கள், மொத்தமாகச் சராசரி எடுக்காதீர்கள். சிங்கிள்டனில் கெட்டிக்காரக் கருவி அப்சர்வரில் குருடாக இருக்கலாம், சராசரி அதை மறைத்துவிடும்.

எந்த எண் முக்கியம் என்பது வேலையைப் பொறுத்தது. ஒரு கிளாஸைப் பிரித்தெழுதப் போகிறீர்கள், அது எந்தெந்த பேட்டர்னில் பங்கெடுக்கிறது என்று தெரிய வேண்டும் என்றால் ரீகால் உயர்ந்த கருவியை எடுங்கள். பொய்யான பத்து விடைகளைத் தள்ளுவது, ஓர் அப்சர்வரைக் கவனிக்காமல் உடைத்துவிடுவதை விட மலிவு. புதிதாகச் சேர்ந்தவருக்கு நிரலை அறிமுகப்படுத்தும் ஆவணம் என்றால் பிரிசிஷன். தப்பான ஒரு வரி அவரை ஒரு வாரம் அலையவிடும்.

இந்த எண்களை விட அட்டவணையில் மதிப்புள்ளது, கருவிகள் முரண்படும் வரிசைகள். எல்லாக் கருவிகளும் ஒத்துக்கொண்டவை பெரும்பாலும் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒன்று மட்டும் சொல்லி மற்றவை விட்ட வரிசையைத் திறந்து பாருங்கள். பாதி செய்து விட்டுவிட்ட பேட்டர்ன், பின்னால் வந்தவர் உடைத்த பேட்டர்ன், அழைப்பு சுற்றிப் போகும் இடம் ஆகியவை அங்கேதான் கிடைக்கும். பராமரிப்பவருக்கு வேண்டியது இந்தத் தகவல்தான், எந்தக் கருவியும் இதைத் தனியாகத் தருவதில்லை. நேரம் குறைவாக இருந்தால் சதவீதம் போடுவதை விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள்.

உறுதியான விடைகளை அறிக்கையில் விட்டுவிடாமல் நிரலுக்குள் கொண்டுபோங்கள். பேட் கருவியை எழுதிய அதே பிரெஷெல்ட், உங்கர், பிலிப்சன், டிஷி ஆகியோருடன் சேர்ந்து 2002இல் வெளியிட்ட இரண்டு கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளில், கிளாஸின் கமெண்ட்டில் பேட்டர்ன் பாத்திரத்தைச் சில வரிகளில் எழுதி வைத்தாலே பராமரிப்பு வேலை விரைவாக அல்லது குறைந்த பிழையோடு முடிகிறது என்று கண்டார்கள். கமெண்ட்டில் மூன்று விஷயம் போதும்: பேட்டர்னின் பெயர், இந்தக் கிளாஸ் அதில் வகிக்கும் பாத்திரம், மற்றப் பாத்திரங்களை வகிக்கும் கிளாஸ்களின் பெயர். அறிக்கையில் கருவியின் பதிப்பு எண், நீங்கள் வைத்த எண்ணும் விதி, எந்த கமிட்டில் ஓட்டினீர்கள் என்ற மூன்றையும் குறித்து ரெப்பாசிட்டரியிலேயே வையுங்கள். அடுத்த பெரிய வெளியீட்டின்போது மறுபடி ஓட்டினால், இரண்டு அறிக்கைகளுக்கும் இடையே காணாமல் போன பேட்டர்ன் எது, யாருடைய மாற்றத்தில் போனது என்று நேராகப் பார்க்கலாம்.